தானாய் முளைத்த உளுந்து

பிரேமலதா வரப்பில் நின்று மறுபடியும் எண்ணினாள். நிஜாமுதீன் பாய் வயலில் நேற்று பதினொரு செடி மஞ்சள், இன்று இருபத்தாறு. அவள் வயலில் நேற்று நாலு, இன்று ஒன்பது. நாலு நாளாகச் சோறு இறங்கவில்லை. இந்த வருடம் சம்பா நெல் மழையில் சாய்ந்து மண்ணோடு போயிற்று. அதை வைக்கோலுக்காக அறுத்த ஈரத்தில் தெளித்த இந்த உளுந்தையும் விட்டால் அவளுக்கு வேறு விளைச்சல் கிடையாது. போட்டோ அனுப்பியபோது வேளாண் ஆபீஸ் இளவேனில் ஒளிக்காமல் சொல்லிவிட்டாள். மஞ்சள் தேமல் நோய், வந்த செடிக்கு மருந்தே இல்லை. வெள்ளை ஈ நோய்ச் செடியில் சாறு குடித்துவிட்டு அடுத்த செடிக்குக் கொண்டுபோகும். கண்ட செடியைச் சாக்கால் மூடிப் பிடுங்கிப் புதைக்க வேண்டும், பக்கத்து வயலிலும்தான். பழைய உளுந்துச் செடி எங்கேயாவது நிற்கிறதா என்றும் கேட்டாள். அதெல்லாம் இல்லை என்று பிரேமலதா யோசிக்காமலே சொன்னாள்.

பாய் ஊரில் இல்லை. மனைவி ஷரபுன்னிசாவைத் தில்லை நகர் ஆஸ்பத்திரியில் சேர்த்து மூன்று வாரமாகிறது. கொஞ்சம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுத்தான் போனார். இவளும் தண்ணீர் பாய்ச்சிக் குறைவில்லாமல் பார்த்துக்கொண்டாள். ஆனால் மஞ்சளைக் கண்ட பிறகு அவள் வாய் சும்மா இருக்குமா? ஜீயபுரம் பஸ் ஸ்டாப்பில், பால் ஊற்றுகிற இடத்தில், பார்த்தவர்களிடமெல்லாம், வயலை அனாமத்தாய்ப் போட்டுவிட்டுப் போனால் நோய் வராமல் என்ன செய்யும், அங்கிருந்துதான் எனக்கும் வந்தது என்று ஒப்பாரி வைத்தாள். ஆஸ்பத்திரியில் கிடக்கிற மனுஷியை நினைத்துக்கூட நாக்கு அடங்கவில்லை.

காற்று எழும்புவதற்குள் இரண்டு வயலிலும் முப்பத்தைந்து செடியையும் பிடுங்கிச் சாக்கில் திணித்துக் கட்டினாள். புதைக்க இடம் தேடி மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் போனவள், மண்வெட்டியை ஓங்கியபடியே நின்றுவிட்டாள். போன வருடம் உளுந்து அடித்த இடம் அது. சிதறிய விதை மார்கழி மழைக்கு முளைத்திருந்தது. செலவில்லாமல் வந்த செடியாயிற்றே என்று ஆடு வாய் வைக்காமல் முள் வெட்டிப் போட்டதும் அவள்தான். பிறகு மறந்தே போனாள். இப்போது அது முழங்கால் உயரத்துக்கு, தண்டு தவிர முழுவதும் மஞ்சளாய் நின்றது. காய்கூட மஞ்சள். இது நேற்று வந்ததில்லை. புள்ளி விழுந்த இலை இப்படி ஒரேயடியாய் வெளுக்க இரண்டு வாரமாவது ஆகும் என்று இளவேனில் சொல்லியிருந்தாள். பாய் வயலில் முதல் மஞ்சள் கண்டு நாலு நாள்தான் ஆகிறது. அடிப்பாவி, நான்தானா என்று வாய்விட்டே சொன்னாள்.

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. பாய்தான். ஷரபுன்னிசாவுக்கு இன்னும் மூச்சு வாங்குகிறது, நாளை வார்டு மாற்றுவார்கள் என்றார். பிறகு கொஞ்சம் தயங்கினார்.

"பால் ஊத்துற எடத்துல கேட்டதா பரக்கத் அலி சொன்னான்மா. என் வயல்லேருந்து உனக்கு நோய் வந்துருச்சாமே. நான் இருந்து பாத்திருக்கணும். மனசுல வச்சுக்காதம்மா."

அவள் மண்வெட்டியைக் கீழே போட்டாள்.

"எனக்காகப் பாக்காத. என்னோடத மொத்தமா உழுதுடு. உன்னோடதாவது பொழைக்கட்டும்."

"பாய்..." என்றாள்.

"சொல்லும்மா."

பிடுங்கப் போவதுபோல் பக்கத்தில் இருந்த செடியைப் பற்றினாள். இலைக்கு அடியிலிருந்து வெள்ளை ஈக்கள் தவிட்டுத் தூள் போல எழும்பின. காற்று ஆரம்பித்திருந்தது. அவை கொட்டகையைச் சுற்றி, வரப்பைத் தாண்டி, பாய் வயல் பக்கம் போவதைப் பார்த்துக்கொண்டே அவள் போனைக் காதோடு அழுத்திப் பிடித்திருந்தாள்.

"இருக்கியாம்மா?" என்றார் அவர்.