வலது பக்கத்து முகம்

என் முகத்தை நான் விளம்பரத்தில் பார்த்தபோது, நல்லவேளையாக, என் கால் என் பக்கத்துப் பிரேக்கின் மேல் இருந்தது. காரோட்டக் கற்றுக்கொள்ள வந்திருந்த வங்கிக்காரர் சிக்னலைக் கவனிக்கவில்லை. நானும் கவனிக்கவில்லை. பழக்கதோஷத்தில் கால் தானாக மிதித்தது. வண்டி நின்ற இடத்துக்கு எதிரே பெரிய மருந்துக்கடை. அதன் கண்ணாடிக் கதவில் ஆளுயரத்துக்கு என்னை ஒட்டியிருந்தார்கள், ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை.

இடது பக்கம் நான் எப்படி இருக்கிறேனோ அப்படி இருந்தேன். நெற்றியில் ஒரு வெள்ளைத் திட்டு, கண்களைச் சுற்றி வெள்ளை, வாயோரத்திலிருந்து தாடை வரை இன்னொன்று. மேலே ‘முன்பு’ என்று போட்டிருந்தது. வலது பக்கம் அதே சிரிப்பு, அதே கம்மல், நெற்றியில் விழுந்த அதே முடி. திட்டுகளை மட்டும் காணோம். அதற்கு மேலே ‘பின்பு’. நடுவில் ஒரு களிம்பு டப்பா ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தது.

வங்கிக்காரர் அந்தக் கதவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் கதவைப் பார்த்தார். நல்ல மனிதர். மனதில் கள்ளமில்லாமல் கேட்டார்.

“இப்பதான் தடவ ஆரம்பிச்சிருக்கீங்களா மேடம்?”

பின்னால் ஹாரன் அடித்தார்கள். கிளட்சை விடுங்கள் என்று மட்டும் சொன்னேன்.

நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். புதிதாக வருகிறவர்கள் முதல் நாள் சாலையைப் பார்ப்பதில்லை. ஸ்டியரிங்கின் மேல் இருக்கும் என் விரல்களைத்தான் பார்ப்பார்கள். அதனால் சாவியைக் கொடுக்கும் முன்பே சொல்லிவிடுவேன்: இதன் பெயர் வெண்புள்ளி, ஒட்டாது, வலிக்காது, நான் யாரிடமும் மருந்து கேட்கவில்லை, இப்போது கண்ணாடியைச் சரிசெய்யுங்கள். இதைக் குஷ்டம் என்று சொன்ன ஒருவரைப் பாதி வழியில் இறக்கிவிட்டிருக்கிறேன். குஷ்டத்துக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. இத்தனை வருடமும் இந்த முகத்தில் நான் பவுடர்கூடப் பூசி எதையும் மறைத்ததில்லை. அப்படிப்பட்ட முகத்தை ஒரு டப்பாவுக்குப் பக்கத்தில் நிற்க வைத்துப் பொய் சொல்ல வைத்திருந்தார்கள்.

படம் எங்கிருந்து போனது என்று யோசிக்கவே வேண்டாம். என் தம்பி எடுத்த படம்தான் அது. தம்பி பகலில் மின்வாரிய அலுவலகத்தில் இருப்பான், மற்ற நேரமெல்லாம் இணையக் கலைக்களஞ்சியத்தில் இருப்பான். யாரும் சம்பளம் தருவதில்லை. யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்பதால் இவன் இரண்டையும் செய்கிறான். வீட்டில் அவனுக்குப் பெயரே களஞ்சியம்தான். எங்கள் வீட்டுக் கரண்டி, கேட், தெருச் சாக்கடை மூடி எல்லாம் அங்கே கட்டுரைகளில் படமாக இருக்கின்றன. வீட்டில் ஃப்யூஸ் போனால் மாட்ட நேரமில்லை, உலகத்துக்கு வெளிச்சம் போடப் போய்விட்டான் என்று அம்மா அலுத்துக்கொள்வார்.

ஒரு நாள் அவன் வெண்புள்ளி பற்றிய கட்டுரையைக் காட்டினான். அதில் இருந்தது ஏதோ ஆஸ்பத்திரியில் எடுத்த படம். சட்டையில்லாத ஒரு முதுகு, பக்கத்தில் கண்களைக் கறுப்புப் பட்டை போட்டு மறைத்த ஒரு முகம், திருடனைப் பிடித்துவைத்த மாதிரி. எனக்குக் கோபம் வந்தது. சிரித்துக்கொண்டு நிற்கும் ஒரு ஆள் இவர்களுக்குக் கிடைக்கவில்லையா என்று கேட்டேன். அப்படியானால் நீயே நில் என்றான். மொட்டைமாடியில் நின்றேன். அந்தப் படம் கட்டுரையில் முதலாவதாக வந்ததும் எனக்குப் பெருமைதான். புதிதாக வருகிறவர்களிடம், சந்தேகம் இருந்தால் களஞ்சியத்தில் போய்ப் பாருங்கள், நான்தான் இருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

மருந்துக்கடைக் கதவைப் பற்றி அன்று மாலை சொன்னதும் அவன் கொதித்த கொதிப்பைப் பார்க்க வேண்டுமே. எழுந்து நடந்தான், உட்கார்ந்தான், மறுபடி எழுந்தான். விடமாட்டேன் அக்கா என்றான். களிம்புக் கம்பெனிக்கு மெயில் மேல் மெயில் போட்டான். நமக்கென்று ஒருத்தன் இருக்கிறான் என்று நானும் நிம்மதியாக இருந்தேன். ஒரு வாரம் போலக் கழித்து, ஜெயித்துவிட்டோம், போய்ப் பார் என்று முகமெல்லாம் பல்லாக வந்து சொன்னான்.

போய்ப் பார்த்தேன். கதவில் புது விளம்பரம் பளபளத்தது. இடது பக்கம் நான், வலது பக்கம் நான், நடுவில் டப்பா. ஒன்றுமே மாறவில்லை. கிட்டே போய்க் குனிந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. என் தாடைக்குக் கீழே பொடி எழுத்தில் ‘படம்: தூங்காதவன்’ என்றும் பக்கத்தில் ஏதோ அனுமதி விவரமும் சேர்த்திருந்தார்கள். தூங்காதவன் என்பது களஞ்சியத்தில் அவன் வைத்துக்கொண்டிருக்கும் பெயர்.

வீட்டுக்குப் போய்ச் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“இதுக்காடா சண்டை போட்ட? என் மூஞ்சிக்குக் கீழ உன் பேரைப் போடுறதுக்கா?”

அவன் மிரண்டு போனான். நான் எதற்குக் கோபப்படுகிறேன் என்று நிஜமாகவே அவனுக்குப் புரியவில்லை. பொறுமையாக விளக்க ஆரம்பித்தான். களஞ்சியத்தில் ஒரு படத்தை ஏற்றும்போதே அனுமதி கொடுத்துவிட வேண்டுமாம். யாரும் எடுக்கலாம், மாற்றலாம், வியாபாரத்துக்கும் வைத்துக்கொள்ளலாம்; படம் எடுத்தவர் பெயரையும் அனுமதியின் விவரத்தையும் போட்டால் போதும். கொடுத்தது கொடுத்ததுதான், திரும்ப வாங்க முடியாது. கம்பெனி செய்த ஒரே தப்பு அவற்றைப் போடாததுதான், அதையும் திருத்திவிட்டார்கள் என்றான். படம் உன்னுடையது என்று எப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். அதற்கு ஒரு கட்டம் இருக்கிறது, இது முழுக்க என் சொந்தப் படைப்பு என்று அதில் டிக் பண்ண வேண்டும் என்றான்.

“என்னைப் பெத்தது அம்மா. நீ எப்படா என்னைப் படைச்ச?”

அம்மா உள்ளே இருந்து, அவனைத் திட்டாதே, நல்லதுக்குத்தானே செய்தான் என்றார். நல்லதுக்குச் செய்கிறவர்களிடமிருந்து நம்மைக் காப்பாற்ற ஒரு கட்டமும் இல்லையே என்று நினைத்துக்கொண்டேன். அதன் பிறகு அவனோடு பேசவில்லை. சாப்பாட்டு மேஜையில் உப்பு வேண்டுமென்றால்கூட அம்மா வழியாகத்தான் கேட்டுக்கொண்டோம்.

பேச வைத்தது ஒரு பெண். ஓட்டுநர் தேர்வு நடக்கும் மைதானத்துக்கு வெளியே என் கையைப் பிடித்து நிறுத்தினாள். துப்பட்டாவை விலக்கிக் கன்னத்தைக் காட்டினாள். திட்டு இருந்த இடம் சிவந்து, தோல் உரிந்து, பார்க்கவே கூசியது. உங்கள் படத்தைப் பார்த்துத்தான் அந்தக் களிம்பை வாங்கினேன் என்றாள். அப்புறம்தான் என் முகத்தை நிதானமாகப் பார்த்தாள். திட்டு திட்டாகப் பார்த்தாள்.

“உங்களுக்கே போகலையா? அப்புறம் எதுக்குங்க அப்படிச் சிரிச்சீங்க?”

தம்பி, மொட்டைமாடி, களஞ்சியம், டிக் என்று நான் என்னென்னவோ சொன்னேன். எனக்கே அது கதை விடுகிற மாதிரி இருந்தது. அவள் ஒரு வார்த்தைகூட நம்பவில்லை. ஏன் நம்ப வேண்டும்? காசு வாங்கிக்கொண்டு நடித்தவள் என்று முடிவு கட்டிவிட்டுப் போனாள். நான் என்ன பாவம் செய்தேன்? என் சொந்த முகத்தோடு மொட்டைமாடியில் நின்று சிரித்தேன், அவ்வளவுதான்.

அன்று தம்பியிடம் நேராகவே சொன்னேன். அந்தக் கன்னத்தைப் பற்றிச் சொல்லும்போது எனக்குக் குரல் உடைந்துவிட்டது. அவன் போய் அந்த அனுமதியின் முழு வாசகத்தையும் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தான். களஞ்சியத்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் அதைப் பற்றிப் பாடம் எடுக்கிறவன், கடைசி வரி வரைக்கும் படித்தது அன்றுதான். தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தான்.

“அக்கா, நான் குடுத்தது படம் எடுத்தவனோட உரிமையை மட்டும்தான். படத்துல இருக்கிறவங்க உரிமை இதுல சேராதுன்னு தெளிவா போட்டிருக்கு. அவங்க உன்னைத் தனியா கேட்டிருக்கணும். நான்தான் உன்னையே தூக்கிக் குடுத்துட்ட மாதிரி பேசிட்டேன்.”

இருவரும் கம்பெனிக்குப் போனோம். மாடியில் அலுவலகம், படியேறும்போதே களிம்பு வாடை. விளம்பர மேலாளர் இஸ்திரி கலையாத சட்டையும் கலையாத சிரிப்புமாக இருந்தார். ஒரு கோப்பை எடுத்து விரித்தார். அனுமதியின் பிரதி, தம்பியின் மெயில்கள், கடைசியாக, பெயர் போட்டதற்கு மிக்க நன்றி என்று தம்பி எழுதிய மெயில். தம்பி கூரையைப் பார்த்தான். நாங்கள் எல்லா விதிகளையும் மதித்திருக்கிறோம் மேடம் என்றார் மேலாளர்.

“அவன் குடுத்தது அவன்கிட்ட இருந்ததை. என் மூஞ்சி அவன்கிட்ட இல்லை, இங்கதான் இருக்கு. என்னை யாரு கேட்டீங்க?”

மேலாளர் கோப்பை மூடினார். உள்ளே போய் யாரிடமோ பேசிவிட்டு வந்தார். பெருந்தன்மையாக, இடது பக்கப் படத்தை எடுத்துவிடுகிறோம் என்றார். வலது பக்கம் என்று கேட்டேன்.

“அது நீங்க இல்லையே மேடம். எங்க ஆள் கம்ப்யூட்டர்ல செஞ்சது. அதுல திட்டே இல்லை, அதைப் பார்த்து நீங்கன்னு யாரு சொல்லப் போறாங்க?”

என் கம்மல், என் பல்வரிசை, என் கழுத்து மச்சம், என் சிரிப்பு. திட்டு இல்லையாம், ஆகவே நான் இல்லையாம். அப்படியானால் எனக்குச் சொந்தம் அந்தத் திட்டுகள் மட்டும், மிச்ச முகமெல்லாம் கம்பெனியுடையது. இந்த நியாயத்தை அந்த ஆள் சிரிப்பு மாறாமல் சொன்னார். அவரோடு பேசி வாய் வலித்ததுதான் மிச்சம்.

மறுநாள் மாலை, கடையில் கூட்டம் நெரிகிற நேரமாகப் பார்த்துப் பயிற்சி வண்டியை மருந்துக்கடை வாசலில் நிறுத்தினேன். இறங்கிப் போய் அந்த வலது பக்கத்து முகத்துக்கு அருகில் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். வருகிறவர்கள் என்னைப் பார்த்தார்கள், கதவைப் பார்த்தார்கள். ஒவ்வொருவரிடமும் சொன்னேன்: இது நான்தான், இந்தக் களிம்பை நான் தொட்டதுகூட இல்லை. ஒருவர் போனை எடுத்துப் படம் பிடிக்கப் பார்த்தார். தம்பி குறுக்கே போய், அக்காவைக் கேட்டுவிட்டு எடுங்கள் என்றான். களஞ்சியத்துக்கு அறிவு வர இவ்வளவு பாடுபட வேண்டியிருந்தது.

கடைக்காரர் முதலில் கெஞ்சினார், அப்புறம் கம்பெனிக்குப் போன் போட்டுக் கத்தினார். கடைசியில் தானே ஒரு கத்தியை எடுத்துவந்து சுரண்ட ஆரம்பித்தார். அடுத்து இன்னொரு கடை வாசலில் நின்றேன். அதற்கு மேல் நிற்க வேண்டியிருக்கவில்லை. எல்லாக் கடைகளிலிருந்தும் எடுத்துவிட்டதாகவும், இனிப் பயன்படுத்தமாட்டோம் என்றும் கம்பெனியிடமிருந்து மெயில் வந்தது. மேலாளர் சொன்ன ‘அது நீங்க இல்லையே’ மட்டும் என் காதை விட்டுப் போகவில்லை.

அந்த வாரக் கடைசியில் அம்மா சமையலறையில் கைவேலையாக இருந்தார். சித்திக்கு ஒரு போன் போடு, நம்பர் என் போனில் இருக்கிறது என்றார். எடுத்தேன். திரையில் நான் சிரித்துக்கொண்டிருந்தேன். முகத்தில் திட்டு இல்லை, ‘பின்பு’ என்ற எழுத்தும் இல்லை, டப்பாவும் இல்லை. கடைக் கதவில் இருந்தபோதே அம்மா அதைப் போனில் எடுத்து, முகம் மட்டும் தெரிகிற மாதிரி அளவாக வெட்டி வைத்திருந்தார்.

“இது யாரும்மா?”

“நீதான்” என்றார் அம்மா, திரும்பாமலே. ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. “நல்லா இருக்கே. அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டும்.”

கம்பெனிக்காரனிடம் பேச எனக்கு ஆயிரம் வார்த்தை இருந்தது, அம்மாவிடம் கேட்க இது ஒன்றுதான் இருந்தது.

“அம்மா, அந்த ஆள்கிட்ட அது நான்தான்னு சண்டை போட்டேன். உங்கிட்ட அது நான் இல்லைன்னு சண்டை போடணுமா?”

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். போனை வாங்கிப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. நீயே எடுத்துவிடு, எனக்கு இதெல்லாம் எடுக்கத் தெரியாது என்று என் பக்கம் நீட்டினார்.

வெட்டத் தெரிந்திருக்கிறது, வைக்கத் தெரிந்திருக்கிறது. நான் கையை நீட்டவில்லை. “நீயே எடும்மா” என்று சொல்லிவிட்டு, அவர் எடுக்கும் வரை அங்கேயே நின்றேன்.