கடைசி வரிசை ஆத்தாயி

ஆத்தாயியைப் பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்தியது வாத்தியார் அல்ல. பெற்ற தாய் பெருமாயிதான் கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு வந்தாள். சேர்த்துவிட்டவளும் அவளேதான்.

வெண்ணந்தூரை ஒட்டிய அந்தச் சிற்றூரில் ஜில்லா போர்டு பள்ளிக்கூடம் திறந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தேழாம் வருஷம். பெருமாயியின் புருஷன் சின்னண்ணனுக்கு மானாவாரி நிலம் ஒரு துண்டு இருந்தது. மழை பெய்தால் சோளம், பெய்யாவிட்டால் கூலி. அந்தத் தெருவில் யாரும் பெண்பிள்ளையைப் படிக்க அனுப்பியதில்லை. பெருமாயிக்கு மட்டும் ஆசை வந்துவிட்டது. ஆறு வயது ஆத்தாயி காதில் ஒரு தடவை விழுந்த எதையும் மறக்க மாட்டாள். மாரியம்மன் நோன்பில் விடிய விடிய நடந்த கூத்துப் பாட்டை மறுநாள் வறட்டி தட்டிக்கொண்டே அடி பிசகாமல் பாடினாள். இப்படிப்பட்ட புத்தி வீணாகப் போகக் கூடாது என்று நினைத்துத்தான் பெருமாயி அவளைக் கொண்டுபோய்ச் சேர்த்தாள்.

பள்ளிக்கூடம் என்பது ஒரே ஒரு கூடம். வாத்தியாரும் ஒருவரே. தீர்த்தகிரி வாத்தியார் கெட்ட மனுஷர் அல்ல. ஆனால் அவருக்கு ஐம்பத்தெட்டுப் பிள்ளைகள், ஒரு கரும்பலகை. வாசகப் புத்தகம் அவர் கையில் இருந்தது ஒன்றுதான். அதைப் பார்த்து அவர் பலகையில் எழுதுவார், பிள்ளைகள் பலகையைப் பார்த்துச் சிலேட்டில் எழுத வேண்டும். பையன்கள் முன்னால் உட்கார்ந்தார்கள். பெண்பிள்ளைகள் நாலே பேர். அவர்களுக்குக் கடைசியில், சுவரோரம் இடம்.

முதல் மூன்று மாதம் ஆத்தாயிக்கு நல்ல பெயர். வாய்ப்பாட்டை வாத்தியார் சொல்லச் சொல்லப் பிடித்துக்கொண்டாள். எழுத்து என்று வந்தபோதுதான் இடறியது. பலகையில் இருப்பதைப் படி என்றால் வாயைத் திறக்க மாட்டாள். எழுதச் சொன்னால் பக்கத்துப் பெண்ணின் சிலேட்டைப் பார்த்து எழுதினாள். திருட்டுத்தனம் என்று அதற்குப் பிரம்படி விழுந்தது. அடுத்த வருஷமும் ஒன்றாம் வகுப்பிலேயே உட்கார்ந்தாள். அவளைவிடச் சிறியதுகள் எல்லாம் அவளைத் தாண்டிப் போயின.

ஒரு திங்கட்கிழமை வாத்தியார் பெருமாயிக்கு ஆள் அனுப்பினார். போனபோது ஆத்தாயி சுவரோரம் எழுந்து நின்றுகொண்டிருந்தாள். வாத்தியார் பலகையில் ஓர் எழுத்தைப் பிரம்பால் தொட்டு என்னவென்று கேட்டார். ஆத்தாயி கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஏதோ ஒன்றைச் சொன்னாள். கூடமே சிரித்தது. இன்னோர் எழுத்தைத் தொட்டார். மறுபடி சிரிப்பு. மூன்றாவது தடவை ஆத்தாயி பலகையைப் பார்க்கவில்லை. தாயைத் தேடி வாசல் பக்கம் திரும்பி, வெளிச்சத்தில் நின்ற வேறு எவளோ ஒருத்தியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது மக்கும்மா. ரெண்டு வருஷம் பாத்துட்டேன். தோட்டம் காடுன்னு கூட்டிக்கிட்டுப் போ, அதுக்கும் நல்லது" என்றார் வாத்தியார். கோபமாகச் சொல்லவில்லை. களைத்துப்போய்ச் சொன்னார்.

பெருமாயிக்கு உடம்பெல்லாம் கூசியது. தெருவே வேண்டாம் என்றதைச் செய்தவள் அவள். நேராகப் போய்ப் பிள்ளையின் கையைப் பிடித்தாள். வழியில் ஆத்தாயி கேட்டது ஒன்றே ஒன்று. இனிமேல் அங்கே போக வேண்டாமா என்று. வேண்டாம் என்றதும் அவள் முகம் தெளிந்துவிட்டது. அந்தத் தெளிவைப் பார்த்துத்தான் பெருமாயி, வாத்தியார் சொன்னது சரிதான் என்று முடிவுகட்டினாள்.

கண்ணில் கோளாறு என்று யாருக்கும் தோன்றவில்லை. தோன்றவும் வழியில்லை. நெசவுக்காரர் வீடுகளுக்கு ஆத்தாயி இழை பிணைக்கப் போனாள். முடியை விட மெல்லிய நூல் அறுந்தால் நுனியைக் கண்டுபிடித்து முடிச்சுப் போட அவளை மிஞ்ச ஆள் கிடையாது. கேழ்வரகில் கல் பொறுக்கினால் ஒன்று மிஞ்சாது. இப்படிப்பட்டவளுக்குக் கண் தெரியாது என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

பதினைந்து வயதில் மேச்சேரிப் பக்கம் செங்கோடன் என்பவனுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். கொஞ்சம் நிலமும் ஒரு பட்டி செம்மறியும் உள்ள குடும்பம். அங்கே இழை பிணைக்கும் வேலை இல்லை. திறந்த காட்டில் ஆடு பார்க்கும் வேலை. ஆறு மாதத்துக்குள் பிராது வந்தது. எதிரே பெரியவர்கள் வந்தால் தெரியாதவள் மாதிரிப் போகிறாளாம், திமிராம். பக்கத்துக் கொள்ளுக்காட்டில் ஆடு இறங்கி மேய்வதைப் பார்த்துக்கொண்டே நிற்கிறாளாம். மாமியார் கைநீட்டிவிட்டாள் என்று அழுதுகொண்டு வந்த மகளைப் பெருமாயி இரண்டு நாள் வைத்திருந்து, புத்தி சொல்லித் திருப்பி அனுப்பினாள்.

"நாலு பேரக் கண்டா நின்னு பேசு. கண்ணத் தெறந்து வெச்சுக்கிட்டு வேல செய்யி" என்பதுதான் அவள் சொன்ன புத்தி.

"செரிம்மா. எனக்குத்தான் மரமண்டையாச்சே" என்று ஆத்தாயி சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனாள்.

இதற்கிடையில் பள்ளிக்கூடம் மாறியிருந்தது. இரண்டாவது வாத்தியாராகச் சௌந்திரம் டீச்சர் என்று ஒரு பெண் வந்தாள். சேலத்தில் பயிற்சி முடித்தவள், முப்பது வயதிருக்கும். வந்த வருஷமே சண்டை போட்டு இன்னொரு கரும்பலகை வாங்கினாள். எங்கெங்கோ கேட்டு ஒரு பெட்டி நிறையப் பழைய வாசகப் புத்தகங்கள் கொண்டுவந்து இரண்டு பிள்ளைக்கு ஒன்று என்று கொடுத்தாள். குடிதண்ணீர்ப் பானையைக் கூடத்துக்குள்ளேயே வைத்தாள். பெண்பிள்ளைகள் வராத வீடுகளுக்கு அவளே நடந்து போனாள். நாலு பெண்கள் பத்தொன்பது ஆனார்கள். அதில் ஒருத்தி பெருமாயியின் இளைய மகள் சாரதாமணி. அக்காளுக்கு ஏறாத படிப்பு இவளுக்கு மட்டும் ஏறிவிடுமா என்று சொன்ன பெருமாயியிடம், ஒரு வருஷம் கொடுங்கள், பிறகு நீங்களே நிறுத்திக்கொள்ளுங்கள் என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனாள் டீச்சர்.

சௌந்திரம் டீச்சர் யாரையும் ஒரே இடத்தில் உட்காரவிட மாட்டாள். வாரத்துக்கு ஒரு வரிசை முன்னால் வரும், முன்னால் இருந்தது பின்னால் போகும். சாரதாமணி முன்வரிசையில் இருக்கும் வாரம் எல்லாவற்றையும் சரியாகப் படித்தாள். பின்னால் போன வாரம் ஊமையாகிவிட்டாள். மூன்று தடவை இப்படி நடந்ததும் டீச்சர் அவளைக் கூடத்தின் கோடியில் நிறுத்தி, விரலைக் காட்டி எத்தனை என்று கேட்டாள். பிறகு நேராகப் பெருமாயியைத் தேடி வந்தாள்.

மூவரும் பஸ் ஏறிச் சேலம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். கண் டாக்டர் சாரதாமணியின் கண்ணுக்கு முன்னால் கண்ணாடிச் சில்லுகளை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். கிட்டத்தில் இருப்பது தெரியும், எட்டத்தில் இருப்பது தெரியாது, கண்ணாடி போட்டால் சரியாகிவிடும் என்றார். எழுதிக்கொண்டே, இது குடும்பத்தில் வருவது, வீட்டில் வேறு யாருக்காவது உண்டா என்று கேட்டார்.

"இல்லீங்க" என்றாள் பெருமாயி.

சொல்லிவிட்டு வெளியே வந்தாள். கண்ணாடி தயாராகி வந்து, அதைப் போட்டுக்கொண்டு சாரதாமணி கடைப் பலகைகளை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோதுதான், பக்கத்தில் பெருமாயிக்கு மூத்தவள் நினைவு வந்தது. பக்கத்துச் சிலேட்டைப் பார்த்து எழுதிய பிள்ளை. வாசலில் நின்ற எவளையோ தாயென்று பார்த்த பிள்ளை. அப்பன் வருவதை இருமலை வைத்துக் கண்டுபிடிக்கும் பிள்ளை. ராசிபுரம் வந்ததும் டீச்சர் இறங்கச் சொன்னாள். பெருமாயி எழுந்திருக்கவில்லை.

"டீச்சரம்மா, எம் பெரிய புள்ள" என்றாள். டீச்சருக்கு அதற்குமேல் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அந்த வாரமே சாரதாமணியைக் கூட்டிக்கொண்டு மேச்சேரிக்குப் போனாள். ஆத்தாயி அறுப்பு முடிந்த காட்டில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தாள். நல்ல உச்சி வெயில். பெருமாயி இருபது தப்படி தூரத்தில் நின்று, சாரதாமணியின் வாயைக் கையால் பொத்திக்கொண்டு, சும்மா இருந்தாள். ஆத்தாயி நிமிர்ந்து நேராக இவர்களைப் பார்த்தாள். யாரோ வழிப்போக்கர்கள் என்று மறுபடி குனிந்து குட்டியின் காலில் குத்தியிருந்த முள்ளைப் பிடுங்கத் தொடங்கினாள்.

பெற்றவளைப் பார்த்தும் அவளுக்குத் தெரியவில்லை. பதினாறு வருஷமாக அப்படித்தான் இருந்திருக்கிறாள்.

கிட்டே போய்க் கூப்பிட்டதும் ஆத்தாயி துள்ளி எழுந்தாள். பெருமாயி ஒன்றும் விளக்கவில்லை. சின்னவள் முகத்திலிருந்த கண்ணாடியைக் கழற்றிப் பெரியவளுக்கு மாட்டினாள்.

ஆத்தாயி ஆடுகளைப் பார்த்தாள். வடக்கே மலையைப் பார்த்தாள். பிறகு தாயைக் கொஞ்சம் தள்ளிப் போய் நிற்கச் சொன்னாள். பெருமாயி பத்துத் தப்படி போனாள். இன்னும் போகச் சொன்னாள். இன்னும் போனாள். வரப்பு வரைக்கும் போய்த் திரும்பி நின்றாள்.

"அழுவறயாம்மா?" என்று ஆத்தாயி அங்கிருந்து கேட்டாள்.

பெருமாயி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தாள். வந்து டாக்டர் சொன்னதைச் சொன்னாள். டீச்சர் வரிசை மாற்றி உட்காரவைத்ததைச் சொன்னாள். ஆத்தாயி குட்டியின் முதுகைத் தடவியபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்ப நான் மக்கு இல்லையாம்மா?"

"இல்ல சாமி."

"வாத்தியாருக்குத் தெரியுமா?"

"யாருக்கும் தெரியல சாமி. எனக்குந் தெரியல."

ஆத்தாயி தலையை ஆட்டினாள். யார் மேலும் கோபப்படவில்லை. இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் பெருமாயி தாங்கிக்கொண்டிருப்பாள். ஆத்தாயி கண்ணாடியைக் கழற்றி, சேலைத் தலைப்பில் துடைத்து, தங்கச்சிக்குப் பள்ளிக்கூடத்துக்கு வேண்டுமே என்று சொல்லித் திருப்பி மாட்டிவிட்டாள். மாட்டிவிட்டுச் சுற்றிலும் ஒரு தரம் பார்த்தாள். மலை இருந்த பக்கம் வெறும் வெளிச்சமாகப் போயிருக்க வேண்டும்.

செங்கோடன் நல்லவன். விஷயம் கேட்டதும் அடுத்த சந்தையில் ஓர் ஆட்டை விற்று அவளைச் சேலத்துக்கு அழைத்துப்போய்க் கண்ணாடி வாங்கிக்கொடுத்தான். சீமாட்டி வந்துவிட்டாள் என்று மாமியார் சிரித்ததால், காட்டில் மட்டும் போட்டுக்கொண்டாள்.

தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தவள் நாலு மாதம் இருந்தாள். அப்போது பத்து வயதுச் சாரதாமணி தன் பழைய ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தை அக்காள் மடியில் வைத்து எழுத்துக் காட்டினாள். இரண்டு வருஷம் ஏறாத எழுத்து மூன்று வாரத்தில் ஏறியது. பார்க்க வந்த சௌந்திரம் டீச்சர், ஆத்தாயி கண்ணாடி இல்லாமலே புத்தகத்தைக் கண்ணருகே பிடித்துப் படிப்பதைக் கவனித்தாள்.

"இதுக்குக் கண்ணாடிகூட வேண்டியிருக்கல. கையில ஒரு பொஸ்தகம் குடுத்திருந்தாப் போதும். முன்னால உக்கார வெச்சிருந்தாப் போதும்" என்றாள். மனம் பொறுக்காமல் சொன்னதுதான். ஆனால் அந்த வார்த்தை பெருமாயியின் நெஞ்சில் இறங்கி அங்கேயே தங்கிவிட்டது.

மறுநாள் தீர்த்தகிரி வாத்தியாரிடம் போய் நடந்ததைச் சொன்னாள். ஞாயம் கேட்கப் போகவில்லை. அவர் வாயால் ஒரு வார்த்தை கேட்கப் போனாள். அவருக்கு ஆத்தாயி என்ற பெயரே நினைவில்லை. எந்த வருஷம், எந்தத் தெரு என்று கேட்டார். பிறகு தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "ஐம்பத்தெட்டுப் புள்ளைங்கம்மா" என்றார். இன்னொரு தடவையும் அதையே சொன்னார். பெருமாயி கும்பிட்டுவிட்டு வந்துவிட்டாள்.

குழந்தை பிறந்தது. நாலு மாதம் முடிந்ததும் ஆத்தாயி மேச்சேரிக்குத் திரும்பினாள். புத்தகத்தைத் துணி மூட்டையில் வைத்து எடுத்துக்கொண்டுதான் போனாள். பிறகு இன்னொரு குழந்தை, மாமியாருக்குப் பக்கவாதம், மழையில்லாத இரண்டு வருஷம். புத்தகம் என்ன ஆயிற்று என்று பெருமாயி கேட்கவில்லை. கேட்கத் துணியவில்லை.

சாரதாமணி எட்டாம் வகுப்புப் பரீட்சையில் தேறி, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்திரண்டில் சேலத்துக்கு ஆசிரியைப் பயிற்சிக்குப் போனாள். அந்தத் தெருவில் அதுவரை எவளும் போகாத தூரம். பஸ் ஏற்றிவிட ஊரே வந்தது. பெருமாயி கொடுத்துவைத்தவள் என்றார்கள். கூட்டத்தில் ஒருத்தி, மூத்தது அப்படியிருந்தாலும் இளையது பேர் வாங்கிக் கொடுத்துவிட்டதே என்றாள்.

"மூத்ததும் அப்படித்தான் படிச்சிருக்கும்" என்று பெருமாயி சொன்னாள். யார் காதிலும் விழுந்ததாகத் தெரியவில்லை. பஸ் கிளம்பிவிட்டது.

அந்தத் தை மாதம் தபால்காரர் ஒரு கார்டு கொண்டுவந்தார். சேலத்திலிருந்து என்று நினைத்துப் பெருமாயி படிக்கச் சொன்னாள். அவர் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"அம்மாவுக்கு. நாங்கள் சுகம். ஆடு இரண்டு குட்டி போட்டது. இது நானே எழுதினது. ஆத்தாயி."

அவ்வளவுதான் கார்டில் இருந்தது. எழுத்து ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவில், கோடு விட்டுக் கோடு இறங்கி, கடைசி வரி கார்டின் ஓரத்தில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றது. தபால்காரருக்குச் சிரிப்பு வந்தது. நல்ல சிரிப்புத்தான்.

"பேத்திங்களா? எந்த வகுப்புப் படிக்குதுங்க?"

எழுதியவளுக்கு இருபத்தொரு வயது, இரண்டு பிள்ளைக்குத் தாய். பெருமாயி கார்டை வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டு உள்ளே போனாள். அடுப்பில் சோறு பொங்கி வழிந்துகொண்டிருந்தது. அதை இறக்கவும் தோன்றாமல் சுவரோரம் உட்கார்ந்து, வாய்விட்டு அழுதாள்.