சைவத்துக்கு மாறிய பாத்தின்

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். சூடம் கொளுத்தி அணைக்கச் சொன்னாலும் அணைக்கலாம், கெத்தில் ஆற்றில் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நின்று சொல்லச் சொன்னாலும் சொல்லலாம். தூண்டில் போடுகிறவர்கள் பொய் சொல்வார்கள் என்று நாட்டில் ஒரு கெட்ட பெயர் இருக்கிறது. அதைத் துடைப்பதற்காகவே இந்தக் கதை. மீனின் நீளத்தில் ஓர் அங்குலம்கூடக் கூட்டவில்லை. இரண்டு இடத்தில் குறைத்துத்தான் இருக்கிறது, நீங்கள் நம்ப மாட்டீர்கள் என்பதால்.

கெடா மாநிலத்தில் குளிர்காலம் ஏது என்று கேட்கிறவர்கள் ஜனவரி மாதம் கோலா கெத்தில் பக்கம் வந்திருக்க மாட்டார்கள். வருஷக் கடைசி மழை ஓய்ந்ததும் வடகிழக்கிலிருந்து காய்ந்த காற்று ஒன்று கிளம்பும். ரப்பர் மரங்கள் இலையெல்லாம் சிவந்து, உதிர்த்து, மொட்டையாக நிற்கும். காலையில் மோட்டார் சைக்கிளில் போகிறவன் ஜாக்கெட்டை முன்னும் பின்னுமாகத் திருப்பி மாட்டிக்கொண்டு போவான். ஆறு வற்றித் தெளியும். மீனெல்லாம் வளைவுகளில் உள்ள ஆழமான மடுக்களுக்குள் போய் ஒதுங்கும். தூண்டில்காரனுக்கு அதுதான் தீபாவளி.

அப்பளசாமி செம்பனை லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர். ஆற்றில் மீன் இல்லை என்று அவர் வாயால் யாரும் கேட்டதில்லை. வெறுங்கையோடு திரும்பும் நாளில், "இன்னிக்கு அதுங்களுக்கு நேரம் சரியில்ல. நாளைக்கு வரச் சொல்லியிருக்கேன்" என்பார். அவ்வளவு திடமான மனிதருக்கு ஒரே ஒரு குறை. அது அபூபக்கர் கடைச் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது.

அபூபக்கர் டவுனில் நாசி கண்டார் என்கிற சோறு-கறிக் கடை வைத்திருப்பவர், அப்பளசாமிக்குச் சின்ன வயதிலிருந்தே தூண்டில் கூட்டாளி. கல்லாவுக்குப் பின்னால் பச்சைச் சுவர். அந்தச் சுவரில் சட்டம் போட்ட ஒரு படம். படத்தில் அபூபக்கர் ஏழு கிலோ பாத்தின் மீன் ஒன்றை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, கல்யாண மாப்பிள்ளை மாதிரி சிரிக்கிறார். பாத்தின் என்பது செதில் இல்லாத, மீசை வைத்த, ஆற்றுக்கே முதலாளி, தௌக்கே மாதிரி நடந்துகொள்கிற மீன். அந்தப் படத்துக்கு நேர் கீழே உட்கார்ந்துதான் அப்பளசாமி பல வருஷமாக நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் குடித்து வந்தார்.

"என்ன சாமி பாக்குற? மீனையா, என்னையா?"

"மீனைத்தான் பாய். ரெண்டுல அதுக்குத்தான் மூஞ்சி லட்சணமா இருக்கு."

"பார்த்துக்க, பார்த்துக்க. நோன்புக்கு முன்னால சுவருக்குப் புதுப் பெயிண்ட் அடிக்கப் போறேன். அப்புறம் மாட்டுற படத்துக்குக் கான்கிரீட் ஆணி. நான் மௌத்தானாலும் கழட்ட முடியாது லா."

அப்பளசாமி கிளாசைக் கீழே வைத்தார். "அப்ப என் படத்துக்கு?"

"தைப்பூசத்துக்குள்ள இதைவிடப் பெரிய பாத்தின் பிடி. உன் மீன் படம்தான் மேலே போகும். ஆனா ஒண்ணு, மீன் மனுஷன் கையில இருக்கணும். தரையில போட்டு எடுத்தா, பசார்ல வாங்கின மீனுன்னு சொல்லிடுவாங்க."

"பெயிண்டை வாங்கி வை பாய்" என்று சொல்லிவிட்டு அப்பளசாமி எழுந்து போனார். மனத்துக்குள் சட்டத்தின் நிறம்கூட முடிவாகிவிட்டது. தங்க நிறம்.

வீட்டுக்கு வந்தால் வாசலிலேயே தங்கமணி நின்றுகொண்டிருந்தார். கையில் மஞ்சள் துண்டு.

"என்னங்க, போய்க் குளிச்சிட்டு வாங்க. நாளையிலேருந்து விரதம். முட்டி ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சா நீங்க பால்குடம் எடுப்பீங்கன்னு சுங்கை பட்டாணி முருகன்கிட்ட வேண்டியிருந்தேன்."

"என்னைக் கேக்காமலா?"

"உங்களைக் கேட்டா முருகன் முட்டியைச் சரி பண்ணினாரு?"

அப்பளசாமி முட்டியைத் தடவிப் பார்த்தார். நன்றாகத்தான் இருந்தது. அந்த முட்டியோடுதான் ஆற்றங்கரைச் சரிவில் ஏறி இறங்க வேண்டும். முருகனைப் பகைத்துக்கொள்ள முடியாது. சுவரையும் விட முடியாது.

"தங்கம், விரதத்துல தூண்டில் போடலாமா?"

"மீனைக் கையால தொட்டீங்க, அன்னிக்கே பால்குடம் கிடையாது. முட்டி மறுபடி வலிச்சா என்கிட்ட வந்து நிக்கக் கூடாது."

"தொடாம பிடிச்சா?"

தங்கமணி யோசித்தார். "தொடாம, கொல்லாம, புழு கிழு எதுவும் இல்லாம பிடிச்சா எனக்கென்ன வந்துச்சு?" இதற்கு 'முடியாது' என்றுதான் அர்த்தம் என்று அவர் நினைத்துக்கொண்டார். முப்பது வருஷத்துக்கு மேல் குடும்பம் நடத்தியும் புருஷனை அவ்வளவுதான் புரிந்து வைத்திருந்தார்.

மறுநாள் காலை அப்பளசாமி தூண்டில் முள்ளில் மீனைக் கழல விடாமல் பிடிக்கும் எதிர்முள்ளைக் குறடால் நசுக்கினார். இனி நூலைத் தளர்த்தி ஒரு ஆட்டு ஆட்டினால் மீன் தானாகக் கழன்று போய்விடும், தொட வேண்டியதில்லை. இரைக்கு உளுந்து வடை எடுத்துக்கொண்டார். உலகத்தில் எத்தனையோ இரை உண்டு. ஆனால் நடுவில் ஓட்டை போட்டே வருகிற இரை வடை ஒன்றுதான். நூலை உள்ளே விட்டு முள்ளைச் சொருக வேண்டியதுதான் பாக்கி. இத்தனை வசதியாக ஒன்றைச் செய்துவிட்டு அதைச் சாப்பிடுவதற்கு என்று நினைத்திருக்கிறார்களே என்று அவருக்கு ஆச்சரியமாக இருந்தது.

தோட்டத்துப் பாலத்துக்குக் கீழே ஆறு வளைகிற இடத்தில் அவர் உட்கார்ந்தார். பத்தடி தள்ளி அபூபக்கர். அவருடைய இரை கோழிக்குடல். கடையில் ஒரு நாளைக்கு வெட்டுகிற கோழிக்குக் குடலுக்கா பஞ்சம்? பாத்தினுக்குக் கோழிக்குடல் என்றால் உயிர். வடையைக் கண்டு அது முகத்தைத் திருப்பிக்கொண்டது.

அப்பளசாமி அசரவில்லை. மீனுக்குப் பிடிக்காமல் இல்லை, பழக்கம் இல்லை, அவ்வளவுதான் என்றார். வெள்ளிக்கிழமை கோயிலில் மிஞ்சிய சுண்டலை ஒரு வாளி வாங்கி வந்து மடுவில் கொட்டினார். அடுத்தது சர்க்கரைப் பொங்கல். அடுத்தது தயிர் சாதம், கறிவேப்பிலையை மட்டும் எடுத்துவிட்டு. முதலில் லம்பாம் மீன்கள் வந்தன. அவை சின்ன மீன்கள், கிடைத்ததைத் தின்னும். அவற்றைப் பார்த்துப் பெரிய மீன்கள் வந்தன. தைப்பூசம் நெருங்க நெருங்க அந்த வளைவில் ஒரு மீன் பாக்கியில்லாமல் சைவமாகிவிட்டது.

அபூபக்கரின் மிதவை நாள் முழுக்க அசையவில்லை. குடலை மசாலாவில் பிரட்டிப் போட்டார். பொரித்துப் போட்டார். மீன்கள் அருகில் வந்து, மோந்து பார்த்து, தண்ணீருக்குள் வாயைக் கொப்பளித்துவிட்டுப் போயின.

"என்ன சாமி இது? ஆத்துக்கே மாலை போட்டு விட்டுட்டியா?"

"நான் என்ன பாய் செய்ய முடியும்? அதுங்களா மனசு மாறியிருக்கு."

"முந்தியெல்லாம் குடல்னா உயிரை விட்ட மீனு லா!"

"முந்தி நானும்தான் உன் கடையில ஆட்டுக்கறி சாப்பிட்டேன். இன்னிக்குச் சாப்பிடறேனா?"

ஆனால் பெரிய பாத்தின் மட்டும் அகப்படவில்லை. இருக்கிறது, கண்ணாலேயே பார்த்தார். காலையில் மடுவின் மேலே வரும். முதுகு மட்டும் சம்பான் படகு கவிழ்ந்து கிடப்பது போலத் தெரியும். வடையைச் சுற்றி ஒரு வட்டம் போடும், பெருமூச்சு விடும், கீழே போய்விடும். தைப்பூசத்துக்கு முந்தின வாரமும் அப்படித்தான். அபூபக்கர் பெயிண்ட் டப்பாவைத் திறந்துவிட்டதாகச் செய்தி வந்தது.

அன்று வீட்டில் அப்பளசாமி சும்மா உட்கார்ந்து தங்கமணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரும் கூடவே விரதம். காலையில் பச்சைத் தண்ணீர்தான். பதினோரு மணிக்குமேல் குளித்து, விளக்கேற்றி, சாமி கும்பிட்டு, உச்சி வெயிலில் இலை போட்டு ஒரு வேளைச் சாப்பாடு. அப்பளசாமி தொடையைத் தட்டினார்.

"அடடா. அதுவும் ஒரு பொழுதுதான் சாப்பிடுது!"

"எது?"

"நாளைக்கு மத்தியானச் சாப்பாட்டை ஆத்துக்குக் கொண்டு வா தங்கம். ரெண்டு இலைக்குப் போட்டுக்க."

மறுநாள் உச்சி வேளையில் தங்கமணி டிபன் கேரியரோடு வந்தார், தொடுகிறாரா இல்லையா என்று கண்காணிக்கவும் ஆயிற்று. அப்பளசாமி ஒரு வாழை இலையை மடுவின் மேல் மிதக்கவிட்டார். சாதம் வைத்து, சாம்பார் ஊற்றி, அவரைக்காய்ப் பொரியலும் அப்பளமும் வைத்தார். ஓரத்தில் வடை. வடையின் ஓட்டைக்குள் முள். கரையில் ஒரு ஊதுபத்தியும் கொளுத்தினார். அபூபக்கர் தன் தூண்டிலைக் கீழே போட்டுவிட்டுப் பார்த்தார்.

பாத்தின் வந்தது. முதலில் சாதம். அவசரமில்லாமல் சாப்பிட்டது. அப்பளத்தை நொறுக்கிச் சாம்பாரில் போட்டுக்கொண்டது. கடைசியாக வடைக்கு வந்தது.

அப்புறம் நடந்ததை அப்பளசாமி விவரமாகச் சொல்ல மாட்டார், பெருமை அடித்துக்கொள்கிற ஆள் இல்லை. நூல் கூவியது. அவர் தூண்டிலோடு பக்கத்திலிருந்த ரப்பர் மரத்தைக் கட்டிப் பிடித்தார். மீன் இழுத்த இழுப்பில் அந்த மரத்தில் ஒட்டியிருந்த மிச்ச இலையெல்லாம் ஒரே உலுக்கில் உதிர்ந்தது. அபூபக்கர் அப்பளசாமியின் இடுப்பைப் பிடித்தார். முட்டியில் முருகன் இருந்தார். ஆனால் கை வழுக்கியது.

"விட்டுடுய்யா சாமி, உன்னையும் சேத்துல்ல இழுக்குது!"

"விடறதா? பாய், நீ இறுக்கிப் பிடி! தங்கம், பாயசம் எங்கே?"

"கேரியர்ல. ஏன்?"

"ஊத்து!"

தங்கமணி ஏன் எதற்கு என்று கேட்காமல் கரையோரத் தண்ணீரில் பாயசத்தை ஊற்றினார். இழுப்பு நின்றது. இலை போட்டு உட்கார்ந்தவன் பாயசம் வருவதற்கு முன் எழுந்து போவானா? மீன் திரும்பியது. தானாகவே கரையோரம் வந்து, வயிறு தரையில் இடிக்க, பாயசத்தைக் குடித்துக்கொண்டு அமைதியாகக் கிடந்தது. அபூபக்கர் வேனில் வைத்திருந்த வலையையும், கோலில் எடை காட்டும் தாச்சிங் தராசையும் கொண்டு வந்தார். வலையோடு தூக்கி மாட்டியதும் தராசுக் கோல் செங்குத்தாக வானத்தைப் பார்த்தது. அதற்கு மேல் சொல்ல அதற்கு எண் இல்லை. மீனை மறுபடி பாயசத்தில் இறக்கினார்.

"ஒத்துக்கிட்டேன்" என்றார் அபூபக்கர். "சுவர் உனக்குத்தான். ஏந்திக்க, படம் எடுக்கறேன்."

அப்பளசாமி குனிந்தார். இரண்டு கையையும் நீட்டினார்.

"என்னங்க" என்றார் தங்கமணி.

ஒரே ஒரு சொல்தான். கை அப்படியே நின்றது. மீன் ஒரு முழம் கீழே. தங்கச் சட்டம் கண்ணுக்கு முன்னால் பளபளத்தது. முட்டியும் ஞாபகத்துக்கு வந்தது. பாயசம் தீர்ந்துகொண்டிருந்தது, மீன் எந்த நிமிஷமும் கிளம்பிவிடும்.

அப்பளசாமி நிமிர்ந்தார். வேட்டியைச் சரி செய்துகொண்டார். "பாய், நீ பேசினது என்ன? மீன் மனுஷன் கையில இருக்கணும். அவ்வளவுதானே?"

"ஆமா."

"நீ மனுஷன்தானே?"

அபூபக்கர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, ஆமாம் என்று ஒத்துக்கொண்டார். போனைத் தங்கமணி கையில் கொடுத்துவிட்டு, மூச்சுப் பிடித்து மீனைத் தூக்கினார். அப்பளசாமி பக்கத்தில் போய் நின்றார். கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. எங்கே வைத்தாலும் மீனில் பட்டது, அவ்வளவு பெரிய மீன். ஆகவே இரண்டு கையையும் கூப்பி வைத்துக்கொண்டார். தங்கமணி படம் எடுத்தார். நூலை ஒரு ஆட்டு ஆட்டி முள்ளைக் கழற்றி மீனை ஆற்றில் விட்டதும் அது ஒரு ஏப்பம் விட்டுவிட்டு மடுவுக்குள் இறங்கியது.

தைப்பூசத்தன்று அப்பளசாமி பால்குடத்தைச் சொட்டுச் சிந்தாமல் எடுத்தார். மறுவாரம் புதுப் பெயிண்ட் காய்ந்த சுவரில், தங்கச் சட்டத்தில், கான்கிரீட் ஆணியில் படம் ஏறியது. படத்தில் அபூபக்கர் முன்னைவிட மூன்று மடங்கு பெரிய பாத்தினை ஏந்திக்கொண்டு சிரிக்கிறார். பக்கத்தில் அப்பளசாமி அவரைப் பார்த்துக் கும்பிடுகிறார்.

கடைக்கு வருகிறவர்கள், "பாய் எத்தனை பெரிய மீன் பிடிச்சிருக்காரு, அந்த அண்ணன்கூடக் கும்பிடறாரே" என்று வியக்கிறார்கள். அப்பளசாமி கவலைப்படவில்லை. நேர் கீழே உட்கார்ந்து தே தாரிக் குடித்தபடி, "அந்த மீனைப் பிடிச்சது நான். அதைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறதுக்கு ஒரு ஆள் வச்சிருந்தேன்" என்று விளக்கம் சொல்கிறார். சந்தேகப்படுகிறவர்களை நிமிர்ந்து சுவரைப் பார்க்கச் சொல்கிறார்.

நிமிர்ந்து பார்த்தால், அபூபக்கர் கடைக்குச் சுவரே கிடையாது. நாலு இரும்புத் தூணும் மேலே தகரமும்தான்.