திதி இல்லாத அத்தை

நியூஜெர்சியில் இருந்த சித்தப்பா பிள்ளை சாய்நாத் கடிதம் போட்டிருந்தான். குழந்தைகளுக்குக் காட்ட வம்சாவளி வேண்டுமாம். எத்தனை தலைமுறை கிடைத்தாலும் சரி, பிறந்த தேதி, இறந்த தேதியோடு. மயிலாப்பூர் வடக்கு மாடவீதியின் பழைய வீட்டிலேயே தங்கிவிட்ட சந்திரமௌலியைத் தவிர இதையெல்லாம் வேறு யாரைக் கேட்பது?

சந்திரமௌலிக்கு ஐம்பத்தாறு வயது. கல்லூரியில் தாவரவியல் பேராசிரியர். எதையும் பாதியில் விடும் சுபாவம் கிடையாது. அப்பா கணபதிராமன் எழுதிவைத்த நோட்டுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். குடும்பத்தில் போனவர்களின் பெயரும், எதிரே மாதமும் பட்சமும் திதியும் அதில் வரிசையாக இருந்தன. ஒரே ஒரு பெயருக்கு எதிரே மட்டும் ஒன்றும் இல்லை. வாலாம்பாள், அப்பாவின் தங்கை. பதினாறு வயதில் விதவையாகி, 1938-ல் விஷக்காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள் என்று சொல்வார்கள். மகாளய அமாவாசையன்று அப்பா அவள் பெயரையும் சொல்லி எள்ளும் தண்ணீரும் விடுவார். 1971-ல் அப்பா போனபிறகு அந்தத் தர்ப்பணத்தைச் சந்திரமௌலி செய்துவருகிறார்.

"கூடப்பிறந்தவ போன திதி அப்பாவுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?" என்று மனைவி நீரஜாவிடம் கேட்டார்.

"எழுத விட்டுப்போயிருக்கும். அதையே பிடிச்சுண்டு உக்காராதேங்கோ."

அவரால் விட முடியவில்லை. மாநகராட்சி அலுவலகத்தில் இறப்புப் பதிவேட்டைப் பார்க்க மனுப்போட்டார். 1938-ல் அவள் பெயர் இல்லை. முன்பின் வருஷங்களிலும் இல்லை. கல்லூரி முடிந்ததும் தினமும் போய் உட்கார்ந்து, எந்த வருஷத்தையும் விடாமல் ஒவ்வொரு தொகுதியாகப் புரட்டினார். அங்கிருந்த குமாஸ்தா ஷரஃபுதீன் முதலில் முணுமுணுத்தார். பிறகு தாமாகவே அடுத்த புத்தகத்தை எடுத்துவைக்க ஆரம்பித்தார். மூன்றாவது வாரம், 1984-ஆம் வருஷத்துப் புத்தகத்தில் அந்தப் பெயர் இருந்தது. வாலாம்பாள், வயது அறுபத்தெட்டு, தகப்பனார் சுப்பராமய்யர், இறந்த இடம் அடையாற்றில் ஒரு பெண்கள் இல்லம். சுப்பராமய்யர் என்பது தாத்தாவின் பெயர்.

"நீங்க தேடுறவங்கதானே சார்?" என்றார் ஷரஃபுதீன்.

சந்திரமௌலி தலையாட்டினார். அப்பாவுக்குப் பிறகு பதின்மூன்று வருஷம், உயிரோடு இருந்த ஒருத்திக்குத் தாம் தண்ணீர் விட்டிருக்கிறோம் என்று மனசு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது.

மறுநாளே அடையாறு போனார். மயிலாப்பூரிலிருந்து பஸ்ஸில் இருபது நிமிஷம். இல்லத்துப் பொறுப்பாளர் அம்மாள் நல்ல மாதிரி. பழைய சேர்க்கைப் புத்தகத்தைத் தேடி எடுத்துக் கொடுத்தார். "1938 பிப்ரவரி 5. வாலாம்பாள், 22, விதவை. ஏழாம் மாதம். கொண்டுவந்து விட்டவர் தமையன்." அதற்குக் கீழே வேறு மையில் இன்னொரு வரி: "ஏப்ரல் 11. ஆண் குழந்தை. தமையனிடம் ஒப்படைக்கப்பட்டது."

ஏப்ரல் 11 சந்திரமௌலியின் பிறந்தநாள். அம்மா தர்மாம்பாளுக்குக் கும்பகோணத்தில், பிறந்தகத்தில் பிரசவம் ஆனதாகத்தான் அவரிடம் சொல்லியிருந்தார்கள்.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார். எழுத்து மாறவில்லை.

அந்தக் காலத்து ஆள் யாராவது உண்டா என்று கேட்டதற்குப் பாஞ்சாலியை வரச்சொன்னார்கள். அங்கே முப்பது வருஷமாகச் சமையல் செய்கிறவள்.

"வாலாம்மாவா? ஒரு வம்பு தும்புக்குப் போகாது சார். மாளய அமாவாசை வந்தா மட்டும் ஒரு மாதிரி ஆயிடும். 'இன்னிக்கு எங்காத்துல எனக்குத் தண்ணி விடறா'ன்னு சொல்லிக்கினே இருக்கும். இன்னா அர்த்தம்னு எங்களுக்குப் புரியல. நீங்க அதுக்கு இன்னா வேணும்?"

"அண்ணன் பிள்ளை" என்றார் சந்திரமௌலி. வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது.

"எந்த ஊர்லருந்து வர்ற சார்?"

"மயிலாப்பூர்."

பாஞ்சாலி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "மயிலாப்பூர்லயேவா கீற? வருசா வருசம் அறுபத்து மூவர் பாக்க நாங்க இட்டுக்கினு வருவோமே. மத்தவங்க சாமி பாப்பாங்க. அது வடக்கு மாடவீதில ஒரே எடத்துல போய் நின்னுக்கும். எதிர்ல ஒரு வீட்ல நீர்மோர் குடுப்பாங்க. கூட்டத்துல முட்டி மோதி ஒரு டம்ளர் வாங்கிக் குடிச்சிட்டு வரும். இன்னொண்ணு வாங்கலாம்னு நான் கூப்ட்டா வராது. ஒரு தபாதான்."

அறுபத்து மூவர் அன்று அவர்கள் வீட்டு வாசலில் அண்டா வைத்து நீர்மோர் கொடுப்பது வழக்கம். காலேஜில் படிக்கிற நாளிலிருந்து டம்ளரை எடுத்துக் கையில் கொடுப்பது சந்திரமௌலிதான். ஆயிரம் கை நீளும். முகத்தை யார் பார்த்தார்கள்?

"எப்படி இருப்பா? போட்டோ ஏதாவது..."

"போட்டோலாம் ஏது சார். குள்ளமா, செவப்பா இருக்கும். எல்லாக் கெழவி மாதிரியும்தான்."

வீட்டுக்கு வந்து நீரஜாவிடம் எல்லாவற்றையும் சொன்னார்.

"அம்மாவுக்குத் தெரிஞ்சுதானே இருக்கும்?" என்றார் அவர்.

"தெரிஞ்சுதான் வளர்த்திருக்கா. அவாளையும் கோச்சுக்காதேங்கோ."

"அப்பா?"

அவள் எழுந்து தட்டு வைக்கப் போனாள்.

தூக்கம் போயிற்று. குளத்தங்கரையில், பஸ் ஸ்டாப்பில், குள்ளமாகச் சிவப்பாக எந்தக் கிழவியைக் கண்டாலும் கால் நின்றுவிடும். ஒரு நாள் பூக்காரி ஒருத்தி, "இன்னா சாமி, அப்டிப் பாக்கற?" என்று கேட்டே விட்டாள்.

தை மாதம் வம்சாவளியை எழுதி முடித்தார். தம் பெயருக்கு மேலே வாலாம்பாள் என்று எழுதி, பக்கத்தில், வளர்த்தவள் தர்மாம்பாள் என்று போட்டார். தகப்பன் இடத்தை வெறுமையாக விட்டார். அதைக் கேட்டால் சொல்ல யாரும் மிச்சம் இல்லை. சாய்நாத் அங்கிருந்து போன் பண்ணினான்.

"அண்ணா, இதைக் குழந்தைகள்ட்ட எப்படிக் காட்டறது? அத்தைன்னே இருந்துட்டுப் போகட்டுமே."

"அவ இருந்தாடா" என்றார் சந்திரமௌலி. "உள்ளதைத்தான் எழுதியிருக்கேன். அப்படியே காட்டு."

பங்குனியில் அறுபத்து மூவர் வந்தது. அண்டாவில் மோர் கரைத்து, கறிவேப்பிலை கிள்ளிப் போட்டு, நீரஜா வாசலில் நின்றாள். "நீங்க வரலையா?" என்று கேட்டாள். சந்திரமௌலி செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கி, கூட்டத்தைப் பிளந்துகொண்டு தெருவின் எதிர்ப்பக்கம் போனார். பாஞ்சாலி சொன்ன இடம் ஏறக்குறைய அதுதான். விளக்குக் கம்பத்துக்கும் பாத்திரக் கடைக்கும் நடுவே முதுகைச் சுவரில் ஒட்டிக்கொண்டு நின்றார்.

நாயன்மார்கள் பல்லக்கில் போய்க்கொண்டிருந்தார்கள். ஜனங்களின் தலைக்கு மேலே அவருடைய வீட்டு வாசல் தெரிந்தது, மறைந்தது, மறுபடி தெரிந்தது.