ஐந்து நாளாக ஓடும் கடிகாரம்

சீதாலெட்சுமி அலமாரிக் கதவின் பின்னால் நின்று, கைக்கடிகாரத்தை நிறுத்த அதன் பக்கத் திருகை நகத்தால் இழுத்தாள். வரவில்லை. விரல் வியர்த்து வழுக்கியது. நொடிமுள் துள்ளித் துள்ளிப் போய்க்கொண்டே இருந்தது.

கூடத்தில் அவள் கணவர் தம்புசாமியைக் குளிப்பாட்டி, வெள்ளைச் சட்டை போட்டுக் கிடத்தியிருந்தார்கள். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸே வாசலில் நின்றது.

கிள்ளான் துறைமுகத்தில் ஒரு கப்பல்காரனிடம் மூவாயிரம் வெள்ளி கொடுத்து அவர் வாங்கிய கடிகாரம்.

"அந்தக் காசுக்கு மோட்டார் சைக்கிளே வாங்கியிருக்கலாமே, மச்சான்!" என்று அவள் அண்ணன் ரெங்கசாமி சீண்டுவார்.

"இதுக்கு பேட்டரி கெடையாதுலா. சுவிஸ் ஆட்டோமெட்டிக். கை அசைஞ்சாத்தான் ஓடும். மூணு நாள் கழட்டி வெச்சா நின்னுடும். அதுக்குத்தான் அந்த வெலை!" என்பார் தம்புசாமி.

கையில் கட்டியிருக்கும்போதே இரண்டு தடவை நின்றது. சர்வீசுக்கு அவளிடம்தான் கொடுத்தனுப்பினார். கடைக்காரச் சீனர் பின்மூடியைத் திறந்து காட்டினார். "போலிம்மா. நாப்பது வெள்ளி பெறாது." பேட்டரி மாற்றிக் கொண்டுவந்தாள். "எண்ணெய் போட்டாங்க" என்றாள். அவர் சந்தோஷமாகக் கட்டிக்கொண்டார்.

அவர் ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் கிடந்தார். கடிகாரம் அலமாரியில். இன்னும் ஓடுகிறது.

"சீதா, மச்சான் வாட்ச் எங்க?" ரெங்கசாமி அறைக்குள் வந்துவிட்டார். "கண்டவங்க வந்து போற நேரம். குடு, நான் வெச்சிருக்கேன்."

"அப்புறம் தரேன், அண்ணே."

"என்னத்த ஒளிக்கிற?"

அண்ணனுக்குத் தெரிந்தால், பிணம் எடுப்பதற்குள் வாசலே சிரிக்கும். அவள் விரல்களைப் பிரித்து எடுத்துக்கொண்டார். பார்த்தார். காதில் வைத்தார். மறுபடி பார்த்தார்.

"அஞ்சு நாளும் இங்கயா இருந்திச்சு?"

அவள் தலையை ஆட்டினாள்.

கூடத்திலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்தார். "என்ன ரெங்கசாமி, மூவாயிரம் வெள்ளி ஓடுதா?"

சீதாலெட்சுமி அலமாரியைப் பிடித்துக்கொண்டாள்.

ரெங்கசாமி கையை மூடினார். "நின்னுடுச்சு. கை அசையாம எப்படி ஓடும்? ஒரிஜினலாச்சே."

"அப்ப பத்திரமா எடுத்து வை."

"வேணாம். அவரோடயே போகட்டும்."

"எரிக்கவா? பைத்தியமா ஒனக்கு?"

ரெங்கசாமி கூடத்துக்குப் போய் மண்டியிட்டு, மச்சானின் விறைத்த கையில் கடிகாரத்தைக் கட்டினார். சட்டைக் கையை அதன்மேல் இழுத்துவிட்டார். பொத்தான் இரண்டு முறை தவறி, மூன்றாம் முறை நுழைந்தது.

சீதாலெட்சுமி கிட்டே போனாள். மார்பில் கிடந்த மாலையை இழுத்து, அந்தக் கைமேல் போட்டாள்.