பப் வாசலில் ஆரம்பித்த கணக்கு

மெரிகல் ஊரில் க்ளெம் ட்ரான்ட்டரிடம் அவருடைய மாட்டைப் பற்றிக் குறை சொல்லலாம், சமையலைப் பற்றிச் சொல்லலாம், கதவை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஓட்டுகிற பிக்கப் வண்டியைப் பற்றிக்கூடச் சொல்லலாம். அவருடைய மரத்தைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை பேசக் கூடாது. எழுபத்து நான்கு வயது மனுஷர் கத்தரிக்கோலும் கையுமாக நம்மைத் துரத்திக்கொண்டு வருவதைப் பார்க்க நன்றாக இருக்காது.

மரம் ஆற்றங்கரைச் சாலையில் இருக்கிறது. முதல் உலகப் போருக்கு இந்த ஊரிலிருந்து போன அறுபத்திரண்டு பையன்களுக்கு, ஆளுக்கொன்றாக, 1918-இல் அவரவர் வீட்டார் நட்ட எல்ம் மரங்கள். ரயில் நிலையத்துக்கும் பப்புக்கும் நடுவே ஒரே வரிசை. செத்தவனுக்கும் ஒரு மரம், பிழைத்து வந்தவனுக்கும் ஒரு மரம். ஒவ்வொன்றிலும் பெயர் பொறித்த பித்தளைத் தகடு. போருக்குப் போனவர்களை நினைக்கிற அன்சாக் தினத்தன்று விடியற்காலை அஞ்சலிக் கூட்டம் முடிந்து, ரம் ஊற்றிய காபி உள்ளே போனதும் ஊரே இங்கே வரும். அவரவர் வீட்டு மரத்தடியில் அவரவர் நிற்பார்கள். மரங்களைப் பார்த்துக்கொள்கிற கமிட்டியின் செயலாளர் ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். மரத்தடியிலிருந்து "இருக்கான்!" என்று குரல் வர வேண்டும். சொந்தக்காரர் யாரும் இல்லாத மரமென்றால், செயலாளர் ஐந்து எண்ணும்வரை காத்திருந்துவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விடுவார்.

க்ளெமின் மரம் அவருடைய பெரியப்பா ஆல்ஃப் ட்ரான்ட்டருடையது. பிரான்ஸில் செத்தவர், இருபது வயது. வரிசையிலேயே பெரிய மரம் அதுதான். மழை பொய்த்த வருஷங்களில் ஊரே தோட்டத்துக்குத் தண்ணீர் இல்லாமல் தவித்தபோது, க்ளெம் தன் மாடுகள் குடிக்கிற தண்ணீரில் பங்கு பிரித்து, வண்டியில் ஏற்றி வந்து அதற்கு ஊற்றினார். பக்கத்து மரங்களுக்குத் தெறித்தது அவற்றின் அதிர்ஷ்டம். கமிட்டித் தலைவராக இருபது வருஷம் அவர் செய்த வேலை என்னவென்று கேட்டால், அந்த மரத்தை வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டியது என்றுதான் சொல்ல வேண்டும்.

அன்சாக் தினத்துக்கு ஐந்து நாள் இருக்கும்போது, உதிர்ந்த மஞ்சள் இலைகளை அவர் வாரிக்கொண்டிருந்தார். செயலாளர் நோலா பெட்டிஃபர் ஒரு சுருட்டிய காகிதத்தோடு வந்தார். நோலா இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்து நாற்பது வருஷம் ஆகிறது. ஊர்க் கணக்கில் இன்னும் "புதுசா வந்த பொம்பளை"தான்.

"மரத்துக்குத் தலை சீவினது போதும் க்ளெம், இங்க வா."

"குப்பை அள்றேன் நோலா. உங்க வீட்டு மரத்தடியைப் போய்ப் பாரு. ஆடு குட்டி போட்டாலும் தெரியாது, அப்படிப் புல் மண்டிக் கிடக்கு."

"அதைத்தான் சொல்ல வந்தேன். அது எங்க வீட்டு மரமே இல்லை."

நோலா காகிதத்தைப் பெஞ்சில் விரித்தார். ஊர் மன்றத்தில் மாட்டியிருந்த பழைய படத்தின் கண்ணாடி விரிசல் விட்டதால் சட்டத்தைக் கழற்றியிருக்கிறார். பின்னட்டையில் இதை யாரோ மடித்து வைத்திருந்திருக்கிறார்கள். மரம் நட்ட வருஷத்து வரைபடம். அறுபத்திரண்டு வட்டம், அறுபத்திரண்டு பெயர். மூலையில் சிவப்பு மையில் ஒரு குறிப்பு: எண் ஒன்று, ரயில் நிலையத்தருகே. பையன்கள் ரயிலேறிய இடத்திலிருந்து எண்ணிக்கை தொடங்குகிறது.

க்ளெம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு முறை படித்தார்.

"தலைகீழா எழுதியிருக்கான் முட்டாள். நம்பர் ஒண்ணு பப்கிட்ட இல்ல இருக்கு?"

"அங்க யார் வெச்சா?"

வைத்தது க்ளெமின் அப்பா ரெஜ். ஐம்பத்திரண்டில் வந்த காட்டுத்தீயில் மரங்களில் முதலில் மாட்டியிருந்த பெயர்ப் பலகைகள் எரிந்து போயின. யாருடைய மரம் எது என்று தெரிந்த கிழடுகள் பாதிப்பேர் போய்ச் சேர்ந்தாயிற்று, மீதிப்பேரை யாரும் கேட்கவில்லை. மரம் நட்டபோது ரெஜ்ஜுக்கு ஆறே வயது. அறுபத்தொன்றில் ஊரார் எண் போட்ட பெயர்ப் பட்டியலை எடுத்துக்கொண்டு பித்தளைத் தகடு அடிக்கக் கிளம்பினார்கள். தலைமை ரெஜ். ஆணிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனது பதினோரு வயது க்ளெம். எங்கிருந்து ஆரம்பித்தார்கள் என்பது அவருக்கு நன்றாக நினைவிருந்தது.

"அன்னிக்கு நல்ல வெயில்," என்றார் மெதுவாக.

"இருக்கும். தாகமா இருந்திருக்கும். வீரருங்க கிளம்பின இடம் ஸ்டேஷன். உங்கப்பா கிளம்பின இடம் பப்."

"எங்கப்பாவை ஒண்ணும் சொல்லாத."

"நான் சொல்லலைப்பா, வரைபடம் சொல்லுது. ஊர் மொத்தமும் அறுபது வருஷமா அடுத்த வீட்டுப் பையனுக்கு 'இருக்கான்' சொல்லிட்டிருக்கு."

க்ளெமுக்கு அப்பா மேல் கோபம் வரவில்லை, அந்தச் சிவப்பு மைக்காரன் மேல்தான் வந்தது. விரலை வைத்து எண்ணினார். ஆல்ஃப், எண் இருபத்து மூன்று. ஸ்டேஷனிலிருந்து எண்ணினால் அது எங்கே வருகிறது என்று பார்த்ததும் அவர் முகம் போன போக்கைப் பார்த்து நோலா சிரிப்பை அடக்கிக்கொண்டார். பொதுக் கழிப்பறையை ஒட்டி நிற்கிற கோணல் மரம். ஊர் நாய்களுக்கெல்லாம் விருப்பமானது. எழுபத்தொன்பதில் க்ளெமே வண்டியைப் பின்னால் எடுக்கிறேன் என்று அதன்மேல் ஏற்றி, "நல்லவேளை, நல்ல மரத்துல இடிக்கலை" என்று பப்பில் சொல்லிச் சிரித்திருக்கிறார்.

"சரி. அப்ப இது யாருது?" தன் மரத்தில் கையை வைத்துக்கொண்டே கேட்டார்.

"நாற்பது. பெர்சி க்வில்."

க்ளெம் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"யாரு அது? நான் வர்றதுக்கு முன்னாடியே போயிட்டாராமே. கோழித் திருடன்னு டூகல் சொல்றான்," என்றார் நோலா. டூகல் இறைச்சிக் கடைக்காரர். ஊரில் செத்தவர்கள் எல்லோரைப் பற்றியும் அவரிடம் ஒரு கெட்ட செய்தி உண்டு.

"ஆமா. கோழித் திருடன்தான்," என்றார் க்ளெம்.

"நீதான் தலைவர். சொல்றதா, மறுபடி சட்டத்துக்குள்ள வெச்சு ஆணி அடிக்கறதான்னு நீயே சொல்லு. அன்சாக் காலை வரைக்கும் வாயைக் கட்டி வைக்கிறேன். அதுக்கு மேல என் வாயை நானே நம்ப மாட்டேன்."

நோலா போன பிறகும் க்ளெம் எழுந்திருக்கவில்லை. மரம் போகிறதே என்ற வருத்தம் இருந்தது. அப்பா பெயர் பப்பில் சிரிப்பாய்ச் சிரிக்கப் போகிறதே என்ற பயமும் இருந்தது. ஆனால் அவரை உட்கார வைத்தது வேறு.

க்வில் கிழவர் ஆற்றோரம் தகரக் குடிசையில் தனியாக இருந்தார். முயல் பிடித்து விற்பார். போரிலிருந்து வந்தபின் ஒரு வேலையிலும் நிலைக்கவில்லை என்பார்கள். அவருடைய அம்மா ஊருக்குத் துணி துவைத்துக் கொடுத்தவள், எப்போதோ போய்விட்டாள். தகடு அடித்த அந்த வருஷம், பள்ளிக்கூடம் விட்டு வரும்போது, ஆல்ஃப் பெரியப்பாவின் மரத்தில் சாய்ந்துகொண்டு கிழவர் புகையிலை சுருட்டிக்கொண்டிருப்பதை க்ளெம் பார்த்தார். பார்த்ததும் பையனுக்குப் பொறுக்கவில்லை.

"எந்திரி. இது எங்க பெரியப்பா மரம். உன்னுது அங்க இருக்கு, கக்கூஸ் பக்கத்துல."

கிழவர் தகட்டைத் திரும்பிப் பார்த்தார். "அப்படியா தம்பி? மன்னிச்சுக்கோ," என்று எழுந்து, கால்சட்டையைத் தட்டிக்கொண்டு போனார். இப்படி நான்கு முறை நடந்தது. கடைசி முறை கூட இருந்த பையன்கள் மண்ணாங்கட்டி எறிந்தார்கள், க்ளெமும் எறிந்தார். அதற்குப் பிறகு கிழவர் அந்தப் பக்கம் வரவே இல்லை. ஏழு வருஷம் கழித்துச் செத்துப்போனார். இதையெல்லாம் க்ளெம் மறந்துவிட்டதாக நினைத்திருந்தார். மறக்கவில்லை, அடுக்கி மட்டும் வைத்திருந்தார்.

நான்காம் நாள் க்ளெம் கழிப்பறைப் பக்கம் ஒரு வாளித் தண்ணீரோடு போனார். ஊற்றிக்கொண்டிருக்கும்போது நோலா வந்துவிட்டார்.

"இந்த மரம் மிரண்டுடும் க்ளெம். இதுக்கு வேற தண்ணிதான் பழக்கம்."

க்ளெம் சிரிக்கவில்லை. வாளியைக் கீழே வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னார், மண்ணாங்கட்டி உட்பட. நோலா குறுக்கே பேசாமல் கேட்டது அநேகமாக அதுதான் முதல் தடவை.

"அது அவங்கம்மா நட்ட மரம் நோலா. அவருக்குத் தெரியும். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா நீங்க கேட்டிருப்பீங்களா?"

"செவுள்ல ஒண்ணு விட்டிருப்பாரு எங்கப்பா."

"அப்ப அவரு புத்திசாலி. சரி, நாளைக்கு என்ன சொல்லப் போற?"

"தெரியலை," என்றார் க்ளெம். உண்மையில் தெரிந்துதான் இருந்தது, வாய்தான் வரவில்லை.

மறுநாள் காலை கூட்டம் முடிந்து சாலைக்கு வந்தவர்கள் தத்தம் மரத்தடிக்குப் போவதற்குள் க்ளெம் மைக்கைப் பிடித்தார். அப்பாவின் கதையை மறைக்காமல் சொன்னார். பப், வெயில், ஆணிப் பெட்டி, எல்லாம். சொல்லி முடித்ததும் டூகல்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"ரெஜ் ஐயா பப்ல ஆரம்பிச்சாருன்னா நம்பலாம். அங்கிருந்து கிளம்பி ஸ்டேஷன் வரைக்கும் நேரா நடந்தாருன்னு சொல்ற பாரு, அதைத்தான் நம்ப முடியலை!"

சிரிப்பு கிளம்பி அடங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. க்ளெம் காது சிவந்து நின்றார். அதன் பிறகு நடந்ததை மெரிகல் இதுவரை பார்த்ததில்லை. பப் பக்கத்துக் குடும்பங்கள் எல்லாம் ஸ்டேஷன் பக்கம் நடந்தன, ஸ்டேஷன் பக்கத்தார் பப் பக்கம். மடக்கு நாற்காலி, தள்ளுவண்டிக் குழந்தை, ஓட்ஸ் பிஸ்கட் டப்பா, சட்டையின் வலப்பக்கம் தாத்தாவின் பதக்கங்கள், எல்லாம் நடுவழியில் முட்டிக்கொண்டன.

"எங்க மரத்தை நல்லா வெச்சிருந்தீங்களா?"

"உங்க மரமா? கிளை விழுந்து என் கார் கண்ணாடி உடைஞ்சுது. ஒரு புதுக் கண்ணாடி வாங்கிக் குடு!"

நடுவில் நின்ற முப்பத்தொன்று, முப்பத்திரண்டாம் மரத்துக் குடும்பங்கள் ஆளுக்கு ஒரு மரம் தள்ளி நின்று, வேலை முடிந்ததென்று பிஸ்கட் தின்றன.

க்ளெம் கழிப்பறைப் பக்கம் போய் நின்றார். தன் பெரிய மரத்தைத் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று முடிவு செய்திருந்தார். நான்கு தடவை பார்த்தார். அதனடியில் யாரும் இல்லை.

நோலா ஸ்டேஷனிலிருந்து பட்டியலோடு நடந்து வந்தார். ஒவ்வொரு பெயருக்கும் குரல் வந்தது, புது இடம் என்பதால் எல்லோரும் கொஞ்சம் அதிகமாகவே கத்தினார்கள்.

"ஆல்ஃப் ட்ரான்ட்டர்!"

"இருக்கான்," என்றார் க்ளெம். கோணல் மரத்தின் வடுவைத் தடவி, "மன்னிச்சுக்கோங்க பெரியப்பா," என்று யாருக்கும் கேட்காமல் சேர்த்துக்கொண்டார். வடு வைத்தது அவருடைய வண்டிதான்.

நோலா தள்ளித் தள்ளிப் போனார். முப்பத்தெட்டு. முப்பத்தொன்பது. பெரிய மரத்தின் முன் வந்து நின்றார்.

"பெர்சி க்வில்!"

தானே பதில் சொல்ல வேண்டும் என்றுதான் க்ளெம் இரவெல்லாம் நினைத்திருந்தார். இப்போது எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது? அந்த மனுஷருக்குச் சொந்தம் என்று சொல்ல ஊரில் யாருக்காவது உரிமை இருந்தாலும், மண்ணாங்கட்டி எறிந்தவனுக்கு இருக்குமா? ஒன்று, இரண்டு, மூன்று என்று மனசு தானாக எண்ணியது. நான்கு. ஐந்து.

"இருக்காரு," என்றார். வெறும் காற்றுதான் வந்தது.

நோலா அடுத்த பெயருக்குப் போகவில்லை. பட்டியலைத் தாழ்த்திக்கொண்டு, பதினேழு மரத்துக்கு அப்பாலிருந்து இந்தப் பக்கமே பார்த்தார்.

"காதுல விழலை க்ளெம்! மாட்டைக் கூப்பிடறப்போ மூணு மைல் கேக்குது, இதுக்கு மட்டும் தொண்டை இல்லையா? பெர்சி க்வில்!"

யாரோ சிரித்தார்கள். க்ளெம் தொப்பியைக் கழற்றினார்.

"இருக்காரு!" ஆற்றுக்கு அந்தப் பக்கம் போய்த் திரும்பி வந்தது குரல். "பெர்சி க்வில் அவரு மரத்தடியிலதான் இருக்காரு! உட்கார்ந்திருக்காரு! யாரும் அவரை எழுப்பாதீங்க!"

சிரித்த ஆள் நிறுத்திக்கொண்டார். நோலா பட்டியலில் ஒரு கோடு போட்டார். நாற்பத்தொன்றாவது பெயருக்குப் போகும்போது, யாரோ உட்கார்ந்திருப்பது போல, அந்த மரத்தடியைச் சுற்றிக்கொண்டு போனார்.