ஒன்பதாம் எண் வயலின்

இசைக்குழுவில் இரண்டாம் வயலின் வரிசையின் கடைசி நாற்காலி அவளுடையது. இருபத்திரண்டு வருடமாக அதில்தான் உட்கார்ந்திருந்தாள். பதினான்கு வயலின்களும் ஒரே வயலினாகக் கேட்க வேண்டும். ஒருத்தியின் சத்தம் மட்டும் துருத்திக்கொண்டு நின்றால் அவளுக்கு வேலை தெரியவில்லை என்று அர்த்தம். இவளுக்கு வேலை தெரியும். "கூட்டத்தோட கோவிந்தா போடறதுக்கு மாசாமாசம் சம்பளம் வேற!" என்று பஸ் ஓட்டும் கணவர் கேலி செய்வார். அவளும் சிரிப்பாள்.

மூன்று வருடமாக வலது கை நடுங்கியது. வேகமான இடங்களில் தப்பித்துக்கொள்வாள். மெதுவாக, நீளமாக இழுக்கும் இடங்களில் வில் தந்திமேல் துள்ளும். அங்கெல்லாம் தந்தியில் படாமல், மயிரிழை உயரத்தில் வில்லை ஓட்டினாள். பக்கத்து நாற்காலிக்காரிக்கு மட்டும் இது தெரியும். பதினோரு வருடமாக இருவருக்கும் ஒரே ஸ்டாண்டு, அதில் ஒரே இசை நோட்டு. "விடுங்கக்கா, உங்களுக்கும் சேத்து நான் வாசிக்கிறேன்" என்று காதோடு சொல்லியிருந்தாள்.

குழுவுக்குப் புதிதாக ஒரு நடத்துநர், கண்டக்டர், வந்தார். எல்லாரும் திரைக்குப் பின்னால் தனித்தனியாக வாசிக்க வேண்டும், வெளியாட்களும் வரலாம் என்றார். பெயர் கிடையாது, எண் மட்டும். குழுவிலிருந்தே ஐந்து பேர் கேட்டு ஓட்டுப் போடுவார்கள். ஓட்டு விழாதவர்களுக்கு நாற்காலி இல்லை.

"கண்டக்டர்னாலே தொல்லைதான், எங்க பஸ்லயும் அப்படித்தான்" என்றார் கணவர். இந்த முறை அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஐவரில் பக்கத்து நாற்காலிக்காரியும் ஒருத்தி என்று தெரிந்த பிறகுதான் மூச்சு வந்தது. அவள் ஒருத்தியாவது கைவிட மாட்டாள்.

அன்றைக்கு ஒன்பதாவதாக வாசித்தாள். மெதுவான பகுதியில் வில் உதறியது. பல்லைக் கடித்துக்கொண்டு முடித்தாள்.

சாயங்காலம் பலகையில் முடிவு ஒட்டினார்கள். ஒன்பதாம் எண்ணுக்கு ஓர் ஓட்டுகூட விழவில்லை.

பின்வாசலில் காத்து நின்றாள். பக்கத்து நாற்காலிக்காரி ஓடி வந்தாள்.

"அக்கா, உங்க நம்பர் என்ன?"

"ஒன்பது."

அவள் முகத்தில் ஈயாடவில்லை. "ஒன்பது நீங்களா? சத்தியமா தெரியலக்கா. யாரோ வெளியாளுன்னு நினைச்சேன்."

"பதினோரு வருஷம் பக்கத்துலயே உக்காந்திருந்தியே."

"உங்களத் தனியா நான் கேட்டதே இல்லையேக்கா."

கோபப்படலாம் என்று பார்த்தாள். வரவில்லை. அவள் சொன்னதில் பொய்யே இல்லை.

வீட்டில் கணவர் கேலி எதுவும் செய்யவில்லை. அவள் வலது கையை இரு கைகளுக்குள் பொத்திக்கொண்டார். உள்ளே அது நடுங்கிக்கொண்டே இருந்தது.

நோட்டுகளை ஸ்டாண்டுகளில் அடுக்கிவைக்கும் வேலையை அலுவலகம் கொடுத்தது. வேறு தொழில் தெரியாததால் ஒப்புக்கொண்டாள். முதல் கச்சேரியன்று அடுக்கி முடித்துவிட்டு, மேடைக்குப் பின்னால் நடையில் நின்று கேட்டாள். கடைசி நாற்காலியில் யாரோ புதிதாக ஒருவன். எங்கேனும் ஒரு குறை, ஒரு வித்தியாசம் தெரிகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். எதுவும் தெரியவில்லை. என்றைக்கும் போலவே இருந்தது.

இடைவேளையில் பக்கத்து நாற்காலிக்காரி வந்து எதிரே நின்றாள். "அக்கா..."

"நோட்டெல்லாம் வரிசையா இருந்துச்சா?"

"இருந்துச்சுக்கா."

"சரி, போ. மணி அடிச்சிட்டாங்க."